எந்த அறை வேண்டும்?

பெத்லகேம் விடுதியில் சூசையப்பருக்கும் அன்னை மரியாவுக்கும் இடம் கிடைக்கவில்லை என்று லூக்கா எழுதுகிறார். இக்காலத்து விடுதிகளைப் பற்றி அவர் எழுத நேர்ந்திருந்தால், இடம் மிகுந்துபோன கதையைத்தான் எழுதியிருப்பார். மலேசியாவின் கெந்திங் மலைமீது, ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில், வானவில் வண்ணங்களோடு நிற்கும் ஃபர்ஸ்ட் வேர்ல்டு ஓட்டலில் 7,351 அறைகள் உள்ளன. உலகிலேயே மிகுதியான அறைகளைக் கொண்ட ஓட்டல் என்று 2015ஆம் ஆண்டில் அது கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது.

அந்த ஓட்டலில் எந்த அறையை எடுப்பது என்று கலந்து பேச நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் என்னிடம் வந்தார்கள். அவர்களது இசைவோடு இதை எழுதுகிறேன். குடும்பத் தலைவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் லேத் இயந்திரத்தின்முன் நின்று உழைத்து ஓய்வு பெற்றவர். இந்தியர் விசா இன்றி மலேசியா செல்ல 2023 டிசம்பரில் வழி பிறந்ததை அடுத்து, பெற்றோரின் திருமண நாளுக்குப் பரிசாக மகன் இப்பயணத்தைத் திட்டமிட்டிருந்தார். பேரப்பிள்ளைகளும் உடன் செல்கிறார்கள். 2022இல் அங்கே திறக்கப்பட்ட பெரிய கேளிக்கைப் பூங்காவின்மீதே அவர்களுக்குக் கண்.

மகன் கைப்பேசியில் பட்டியலைக் காட்டினார். எளிய அறை, அகன்ற அறை. வார நாளில் ஒரு வாடகை, விடுமுறை நாளில் வேறொரு வாடகை. "இவ்வளவு பெரிய ஓட்டல், ஃபாதர்! வார நாளில் போனால் வாடகை எவ்வளவு மலிவு பாருங்கள்" என்றார். அதுவரை பேசாதிருந்த தாயார் கேட்டார்: "மலிவுன்னா, மீதிப் பணத்தை யாரு கட்டுறாங்க சாமி?"

இறையியல் வகுப்பில்கூட இத்துணைக் கூர்மையான கேள்வியை நான் கேட்டதில்லை. லிம் கோ டோங் என்ற தொழிலதிபர் 1965இல் தொடங்கிய நிறுவனம் காட்டை அழித்துப் பாதை போட்டது. 1969இல் சூதாட்ட உரிமம் பெற்றது. 1971இல் முதல் ஓட்டலைத் திறந்தது. இன்றும் அந்நாட்டில் உரிமம் பெற்ற சூதாட்டக்கூடம் அங்கே மட்டுமே உண்டு. இசுலாமியருக்கும் இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கும் அங்கே அனுமதி இல்லை. இத்தகைய ஓட்டல்களின் கணக்கு பெரும்பாலும் உலகெங்கும் ஒன்றே. அறையில் விட்ட காசை ஆட்டக்கூடம் திருப்பித் தந்துவிடும்.

அம்மையாரின் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தது. 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரிச் சீட்டுகளைத் தடைசெய்யும்வரை, கணவரின் சம்பளத்தில் ஒரு பங்கு சீட்டுக்கடைக்கே போய்க்கொண்டிருந்தது. அவரது தோடு அடகுக்குப் போய்த் திரும்பாத ஆண்டுகள் அவை. கணவர் முன்னிலையிலேயே இதைச் சொன்னார். அவரும் மறுக்கவில்லை.

சீட்டுப் போடுவதையும் பகடை உருட்டுவதையும் திருச்சபை தம்மளவில் பாவம் என்று சொல்வதில்லை. பிழைப்புக்குத் தேவையானதை அவை பறிக்கும்போது, அவற்றின்மேல் கொண்ட வேட்கை மனிதரை அடிமையாக்கும்போது, அவை தீமையாகின்றன என்பதே மறைக்கல்வி தரும் தெளிவு. திருத்தூதர்கள் சீட்டுப் போட்டு மத்தியாசைத் தேர்ந்தார்கள். படைவீரர்களும் சீட்டுப் போட்டார்கள். தலைக்குமேல் ஒருவர் உயிர்விடுவதை ஏறிட்டுப் பாராமல் அவரது அங்கிக்காகப் போட்டார்கள். நோயாளரின் பாதுகாவலரான புனித கமில்லுசும் சூதில் உடுத்த சட்டைவரை இழந்தவரே; 1575இல் மனந்திரும்பினார்.

'அங்கே போகாதீர்கள்' என்று சொல்வது எனக்கு எளிது. ஆனால் பேரப்பிள்ளைகளின் மகிழ்ச்சியைத் தடுப்பானேன்? நான் தயங்கியிருக்கையில் பெரியவரே வாய் திறந்தார்: "அறையே வேண்டாம் சாமி. கோலாலம்பூரில் தங்கிக்கிறோம். காலையில் கேபிள் காரில் ஏறி, பொழுது சாயுமுன் இறங்கிடறோம். ராத்திரி அங்கே இருந்தால் எனக்குத் தூக்கம் வராது." மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார். "இதை அவரே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார்.

பாவத்திற்கு ஏதுவான சூழலை விலக்குவது பற்றி அறநெறி இறையியலில் பக்கம் பக்கமாகப் படித்தோம். அதை ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் தம் பலவீனத்தின் அளவறிந்து இரண்டு நிமிடத்தில் செய்து முடித்தார். தன்னை அறிந்தவனுக்கே இது கூடும்.

மலையிலிருந்து இறங்கிவிடலாம். கைக்குள் வந்துவிட்ட சூதாட்டக்கூடத்திலிருந்து எங்கே இறங்குவது? ஆவடி மின்தொடர் வண்டியில் கைப்பேசியில் சீட்டாடிப் பணம் இழந்த இளைஞர்களை நான் அறிவேன். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நடுவண் அரசு 2025இல் சட்டத்தால் தடை விதித்தது. நல்லதே. ஆயினும் சட்டம் கதவைத்தான் அடைக்கும்; உள்ளே இருக்கும் வேட்கையை அதனால் அடைக்க இயலாது.

அன்பர்களே, மலிவாக ஏதேனும் நம்மைத் தேடி வரும்போதெல்லாம் அந்த அம்மையாரின் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். தந்தையின் இல்லத்தில் உறைவிடங்கள் பல உண்டு என்று ஆண்டவர் சொல்லிச் சென்றார். அவற்றுக்கு நாம் வாடகை தருவதில்லை. யார் தந்தார் என்பதைத் தவக்கால வெள்ளிதோறும் சிலுவைப்பாதையில் பதினான்கு முறை நின்று பார்க்கிறோம்.