கோழிக்கூடும் அடுத்த வீட்டு நாயும்

ஒரு விடியற்காலையில் கோழிக்கூட்டைத் திறக்கச் சென்ற என் மனைவி அலறினாள். ஒன்பது கோழிகளில் ஆறு கழுத்தில் கடியுண்டு மாண்டு கிடந்தன. முட்டை விற்ற காசில்தான் இளைய மகளின் பள்ளிச் செலவை அவள் சமாளித்து வந்தாள். ஆத்திரத்தில் நான் அடுத்த வீட்டு நாயின்மீது பழி சுமத்திக் கடுமொழி பேசினேன். அவ்வீட்டு அண்ணாச்சி மறுமொழி கூறவில்லை.

மாலையில் அவரே கடப்பாரையோடு வந்தார். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளியைச் சுட்டிக்காட்டி, "தம்பி, இதில் நாய் நுழையுமா? இது மரநாயின் வேலை" என்றார். நான் தலைகுனிந்தேன்.

இருவரும் சேர்ந்தே புதுக்கூடு கட்டினோம். மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றிப் பகையை வெளியே நிறுத்தாது. ஆகவே அரை அங்குலக் கண்ணுள்ள உறுதியான கம்பிவலையை நாற்புறமும் காற்றுத் துளைகளிலும் அடித்தோம். கீரியும் பெருச்சாளியும் மண்ணைத் தோண்டும். எனவே வலையை ஓரடி ஆழம் புதைத்து, அடிமுனையை வெளிப்புறமாக மடித்தோம். பகலில் கோழிகள் உலவும் அடைப்புக்குப் பருந்துக்கு அஞ்சி மேல்வலை இட்டோம். கதவுக்குக் கொண்டியும் பூட்டும் அமைத்தோம். இரவில் தீவனத்தை மிச்சம் வைப்பதில்லை. அது எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும்.

அதன்பின் ஒரு கோழியையும் நாங்கள் இழக்கவில்லை. புதுக்கூட்டில் கிடைத்த முதல் முட்டைகளை என் மனைவி அண்ணாச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். நான் பழித்த அந்த நாய் இப்போது எங்கள் கூட்டருகில்தான் உறங்குகிறது.