இருட்டு காலி இடம் இல்லை

மொட்டை மாடியில நின்னு போன்ல நிலாவை போட்டோ எடுத்திருக்கீங்களா? எல்லாரும் எடுத்திருப்போம். கண்ணுக்கு அவ்வளவு அழகா தெரிஞ்ச நிலா, போட்டோவுல தெருவிளக்கு மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டா வந்திருக்கும். சரின்னு நிலாவுக்கு ஏத்த மாதிரி வெளிச்சத்தைக் குறைச்சா, நிலா சரியா வரும், கீழ இருக்கிற ஊரே காணாமப் போயிடும். ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்.

எனக்கு ரெண்டும் வேணும்னு இருந்துச்சு. அந்த ஆசையில நான் வீணாக்கின ஃபிலிமோட கதைதான் இது. நான் சிவில், ஃபைனல் இயர். ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம். அதனால ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டர் டீமைத் திட்டுங்க, என்னை விட்டுடுங்க.

எங்க வீடு பள்ளிக்கரணை பக்கம் ஒரு அபார்ட்மென்ட். ரெண்டாவது மாடி. மொட்டை மாடிக்கு ஏறினா கிழக்குப் பக்கம் முழுக்க சதுப்பு நிலம். சம்புப் புல், கோரை, நடுநடுவுல தண்ணி. அதுக்கு அந்தப் பக்கம் ஓஎம்ஆர் ஐடி கட்டடங்கள் வரிசையா நிக்கும். காத்து திரும்பினா பெருங்குடி குப்பை மேட்டு வாசனையும் சேர்ந்து வரும். பகல்ல கூழைக்கடா, நாமக்கோழி, சீசன்ல பூநாரை. ராத்திரியில வக்கா கத்துற சத்தமும் தவளைச் சத்தமும். பௌர்ணமி அன்னிக்கு அந்தக் கட்டடங்களுக்குப் பின்னாடியிலேர்ந்து நிலா ஏறி வரும்போது பார்க்கணும் நீங்க.

கேமரா பெரியப்பாவோடது. பென்டாக்ஸ் கே1000. மொத்தமும் மெக்கானிக்கல், உள்ள இருக்கிற பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான். 90-கள்ல அவர் கல்யாண போட்டோ எடுத்துட்டு இருந்தார். ஸ்டூடியோவை மூடி ரொம்ப வருஷம் ஆச்சு. லாஃப்ட்ல கிடந்த கேமராவை நான் கேட்டதும், "எடுத்துக்கோ, ஆனா ஃபிலிம் விலை என்னைக் கேக்கக் கூடாது"ன்னு கொடுத்துட்டார். நியாயம்தான். ஒரு ரோல் விலையில நாலு பேர் பிரியாணி சாப்பிடலாம்.

இப்ப கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எம்-3 அளவுக்கு இல்லை.

நிலாங்கிறது வெயில்ல காயிற ஒரு பாறை. நமக்கு ராத்திரி, ஆனா அதுக்கு நடுப்பகல். அதனால நிலாவை எடுக்கப் பகல் வெளிச்சத்துக்குக் கிட்டத்தட்ட வர்ற செட்டிங்கே போதும். போட்டோகிராஃபர்கள் வெச்சிருக்கிற ஒரு குறுக்குவழி: துவாரம் எஃப் 11, ஷட்டர் வேகம் ஃபிலிமோட ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்துல. 400 ஐஎஸ்ஓ ஃபிலிம்னா ஒரு விநாடியில 500-ல ஒரு பங்கு. 1941-ல ஆன்செல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவுல ஹெர்னாண்டஸ் கிராமத்துக்கு மேல நிலா எழுறதை எடுத்தார். உலகப் பிரபலமான படம் அது. அந்த அவசரத்துல அவருக்கு லைட் மீட்டர் கைக்குக் கிடைக்கலை. நிலாவோட பிரகாசம் எவ்வளவுன்னு எண்ணோட மனப்பாடமா தெரிஞ்சதால, அதை வெச்சே கணக்குப் போட்டு எடுத்துட்டார்.

ஆனா அதே நிலா வெளிச்சத்துல நனையுற நிலத்துக்குக் கதையே வேற. முழு நிலவொளி வெயிலை விட சுமார் 4 லட்சம் மடங்கு கம்மி. துவாரத்தை எஃப் 4-க்குத் திறந்தாலும் 40 விநாடி வேணும். அதுலயும் ஃபிலிமுக்கு ஒரு குணம் இருக்கு. மங்கலான வெளிச்சத்துல நேரம் போகப்போக அது மந்தமாயிடும். நான் போட்ட எச்பி5 ஃபிலிமுக்கு 40 விநாடிக்குப் பதிலா 2 நிமிஷம் கொடுக்கணும். அந்த 2 நிமிஷத்துல நிலா தன் அகலத்துக்குச் சமமான தூரம் வானத்துல நகர்ந்துடும். அப்ப ஃப்ரேமுக்குள்ள நிலா இருந்தா உருண்டையா வராது, மாத்திரை மாதிரி நீளமா வரும்.

இதுக்கு ஒரே வழி டபுள் எக்ஸ்போஷர். ஒரே ஃப்ரேம்ல ரெண்டு தடவை படம் எடுக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல, நிலா நல்லா உயர்ந்த பிறகு, 135 எம்எம் லென்ஸை மேல திருப்பி நிலாவை மட்டும் ஒரு கிளிக். அந்த லென்ஸ்ல கூட நிலா ஃபிலிம் மேல 1.2 மில்லிமீட்டர்தான் இருக்கும். அப்புறம் ஃபிலிமை நகர விடாம ஷட்டரை மட்டும் திரும்ப ஏத்தணும். கே1000-ல இதுக்குத் தனி பட்டன் கிடையாது. ரீவைண்ட் பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அடியில இருக்கிற குட்டி பட்டனை அமுக்கி, லீவரை இழுக்கணும். கை ரெண்டும் போதாது. அடுத்து 50 எம்எம் லென்ஸை மாட்டி, டிரைபாட்ல வெச்சு, கேமராவை நிலத்துப் பக்கம் திருப்பி, 'பி'ல கேபிள் ரிலீஸ் போட்டு 2 நிமிஷம் திறந்து வைக்கணும். முதல் தடவை எடுத்த நிலா, ரெண்டாவது தடவை எடுத்த வானத்துல போய் உக்காந்துடும்.

அப்படித்தான் நினைச்சேன்.

தை மாசப் பௌர்ணமியை ஒட்டி மூணு ராத்திரி எடுத்தேன். லேப்ல கழுவி ஸ்கேன் அனுப்பினாங்க. ஆர்வமா திறந்தா, வானம் முழுக்கச் சாம்பல் நிறம். அதுல அழுக்குக் கறை மாதிரி நிலா. ஒரு ஃப்ரேம்ல நிலா ஒரு ஐடி கட்டடத்தோட அஞ்சாவது மாடி மேல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மூணு ராத்திரி கொசுக்கடி வாங்கினதுதான் மிச்சம்.

பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். உடனே போன் பண்ணார், சிரிச்சுக்கிட்டே.

"அந்தக் காலத்துல கல்யாண ஆல்பத்துல மிக்ஸிங் போடுவோம், பாத்திருக்கியா? குத்துவிளக்குக்குப் பக்கத்துல பொண்ணு முகம், தாமரைக்குள்ள மாப்பிள்ளை முகம். எப்படிப் பண்ணோம்னு நினைக்கிற? கருப்புத் துணிக்கு முன்னாடி நிக்க வெச்சு எடுப்போம். துணி ஃபிலிம்ல எதையும் எழுதாது. அந்த இடம் அப்படியே இருக்கும். அடுத்த படம் அங்க வந்து உக்காரும். உன் வானத்துல கருப்புத் துணி எங்கம்மா இருக்கு? அதான் ஊர் லைட்டு எல்லாம் ஏற்கெனவே எழுதி வெச்சிருச்சே."

அப்புறம் அவர் சொன்னதைத்தான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பா வெச்சிருக்கேன். "இருட்டு காலி இடம் இல்லம்மா. அடுத்து வர்றதுக்காக விட்டு வெச்ச இடம்."

இங்கதான் நான் இன்னொரு விஷயம் சொல்லணும். சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு வாரம் யோசிச்சேன்.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தென் சென்னை மழைநீர் வடிகால் பத்தி. டீம்ல மூணு பேர். மேப் வேலை என்னோடது. சர்வே ஆஃப் இந்தியாவோட பழைய டோப்போ ஷீட் ஒண்ணை ஸ்கேன் பண்ணி, ஜியோரெஃபரன்ஸ் பண்ணி, அது மேல இன்னிக்கு சாட்டிலைட் படத்தை வெச்சு, மேல் லேயரை 50 சதவீதம் மங்கலாக்கினேன். செமஸ்டர் முழுக்க மாடியில நான் ஃபிலிம்ல பண்ணிட்டு இருந்ததையே லேப்ல சாஃப்ட்வேர்ல பண்ணியிருக்கேன்னு அப்ப தோணலை. ஒரே ஃப்ரேம், ரெண்டு படம்.

பழைய மேப்ல சதுப்பு நிலத்துக்கு நீலக் கோடும் புல் மாதிரி சின்னச் சின்னக் குறியும் போட்டிருப்பாங்க. ஜூம் பண்ணிக்கிட்டே போனேன். எங்க அபார்ட்மென்ட் அந்தப் புல் குறிகளுக்கு நடுவுல இருந்துச்சு. ஓரத்துல கூட இல்லை. நடுவுல.

பேப்பர் எல்லாம் சரியா இருக்கு. அப்ரூவல் இருக்கு, பட்டா இருக்கு, பேங்க் லோன் கொடுத்திருக்கு. ஆனா பேப்பர்ல இந்த நிலம் ரொம்ப காலம் தரிசுன்னுதான் எழுதப்பட்டிருந்துச்சு. எதுவும் விளையாது, யாரும் குடியில்லை, அதனால காலி. குப்பை கொட்டினதும், ரோடு போட்டதும், கட்டடம் எழுப்பினதும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான். நிஜத்துல அது தென் சென்னையோட பல ஏரிகள்லேர்ந்து வழியிற தண்ணி வந்து தங்குற இடம். அங்கேர்ந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடல்ல சேரும். 2022-ல ராம்சார் பட்டியல்ல இது சேர்ந்துச்சு, சுமார் 1,247 ஹெக்டேர். பழைய மேப்ல அதை விடப் பல மடங்கு பெருசு. அந்த மிச்சத்துல ஒரு துளிதான் எங்க ரெண்டு பெட்ரூம்.

எங்க அப்பா இந்த வீட்டை வாங்கினது 2009-ல. லோன் முடிய இன்னும் நாலு வருஷம் இருக்கு. மாடிக்கு வர்ற ஒவ்வொரு சொந்தக்காரர் கிட்டயும், "இந்தப் பக்கம் யாரும் கட்டவே முடியாது, காத்து நிக்கவே நிக்காது"ன்னு பெருமையா சொல்வார். அவர்கிட்ட இதை எப்படிச் சொல்றது? ஃபர்ஸ்ட் ரிவ்யூவுக்கு ஸ்லைடு பண்ணும்போது, எங்க வீடு இருக்கிற மூலையை க்ராப் பண்ணிட்டேன். டீம்ல யாரும் கவனிக்கலை. கைடும் கேக்கலை. நாலஞ்சு மார்க் கூடவே வந்துச்சு.

மாசிப் பௌர்ணமி வந்துச்சு. பெரியப்பா சொன்னதை யோசிச்சுக்கிட்டே மாடியில நின்னேன். கருப்புத் துணி எங்க இருக்கு? மேல வானம் சாம்பல். எதிர்ல கட்டடம் முழுக்க லைட்டு. பாக்குற தூரத்துல நிஜமா இருட்டா இருந்தது ஒரே ஒரு இடம்தான். கீழ, சதுப்பு.

அப்ப நிலாவை அங்கதான் வைக்கணும்.

வ்யூஃபைண்டர்ல நிலாவைக் கீழ்ப்பக்கமா வெச்சு ஒரு கிளிக். லென்ஸை மாத்தினேன். இந்தத் தடவை துவாரத்தை எஃப் 8-க்குச் சின்னதாக்கினேன். கணக்குப்படி 13 நிமிஷம் கொடுக்கணும். கொடுத்தா புல்லெல்லாம் வெளுத்துடும், நிலாவுக்கு இடம் இருக்காது. 5 நிமிஷம்தான்னு முடிவு பண்ணேன்.

ராத்திரி தனியா மாடிக்குப் போகக் கூடாதுன்னு அம்மாவும் கூடவே ஷாலைப் போத்திக்கிட்டு வந்திருந்தாங்க. ஷட்டரைத் திறந்தேன்.

"லைட்டைப் போடட்டுமா? கொசு கடிக்குது."

"வேணாம்மா. அஞ்சு நிமிஷம் அசையாம உக்காருங்க."

கொஞ்ச நேரம் தவளைச் சத்தம் மட்டும். அப்புறம் அம்மாவே பேசினாங்க.

"2015-ல இந்தச் சத்தம் நம்ம படிக்கட்டுலேர்ந்து கேட்டுச்சு. ஞாபகம் இருக்கா உனக்கு?"

இருக்கு. நான் அப்ப ஆறாவது. டிசம்பர் மாசம். கரண்ட் இல்லை. கீழ் வீட்டுப் பாட்டி எங்க ஹால்ல படுத்திருந்தாங்க.

"தண்ணி ரோட்டுப் பக்கத்துலேர்ந்து வரும்னு எல்லாரும் கேட்டுக்கிட்ட மணல் மூட்டை போட்டாங்க. அது பின்பக்கமா வந்துச்சு. சம்பு இருக்கிற பக்கத்துலேர்ந்து. வழி தெரிஞ்ச ஆளு மாதிரி நேரா வந்துச்சுடி. 2023 மிக்ஜாம் புயல்லயும் அதே பக்கம்தான். உங்கப்பாவும் பாத்தாரு. ஒண்ணும் சொல்லலை."

நான் வாட்சைப் பாத்தேன். நாலு நிமிஷம் நாப்பது விநாடி. தொண்டை அடைச்சுது. "அம்மா, நான் ஒரு மேப் பாத்தேன்"னு ஆரம்பிச்சேன். அவங்க முழுசா கேட்டுட்டு, "அப்பாகிட்ட நீயே சொல்லு. படிச்ச பொண்ணு சொன்னா கேப்பாரு"ன்னாங்க. பேச்சுல ஷட்டரை மூட மறந்து ஆறரை நிமிஷம் ஆயிடுச்சு.

அந்த ஒரு ஃப்ரேம்தான் ரோல்லயே உருப்படியா வந்துச்சு. மேல வெளுத்த வானம், நடுவுல லைட்டு லைட்டா கட்டடங்கள், கீழ கருப்புல புல்லோட விளிம்பு மட்டும் வெள்ளிக் கோடா. அதுக்குள்ள, தண்ணியில விழுந்த மாதிரி கூட இல்லை, அங்கேயே முளைச்ச மாதிரி நிலா. அதோட கறைகள் எல்லாம் தெளிவா தெரிஞ்சுது.

பிரிண்ட் போட்டு அப்பாகிட்ட கொடுத்தேன். ரொம்ப நேரம் பாத்தார்.

"நிலா ஏன் கீழ இருக்கு?"

"அங்கதான்ப்பா இடம் இருந்துச்சு."

அப்புறம் லேப்டாப்பைத் திறந்து மேப்பைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு, லேயரை நானே ஆன் பண்ணி ஆஃப் பண்றேன்னு மவுஸை வாங்கிக்கிட்டார். வீடு வந்துச்சு, புல் வந்துச்சு, வீடு வந்துச்சு, புல் வந்துச்சு. ஒரு பத்து தடவை பண்ணியிருப்பார். கோவப்படலை. "லோன் முடியட்டும், பாப்போம்"னு எழுந்து போயிட்டார். இப்ப மாடிக்குச் சொந்தக்காரங்க வந்தா காத்தைப் பத்தி மட்டும் சொல்றார். யாரும் கட்ட முடியாதுன்னு சொல்றதை விட்டுட்டார்.

உங்க வீட்டு லாஃப்ட்லயும் ஒரு பழைய கேமரா இருக்கலாம். எடுத்துத் துடைச்சுப் பாருங்க. பக்கத்துல ஏரியோ சதுப்போ இருந்தா அதுக்குள்ள இறங்காம, மாடியிலேர்ந்தோ கரையிலேர்ந்தோ எடுங்க. முதல் ரோல் கண்டிப்பா சொதப்பும். நிலாவுக்கு இடம் தேடும்போது உங்க ஊர்ல இருட்டு எங்க மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சுடும். அந்த இடத்தோட பழைய மேப்பையும் ஒரு தடவை பாத்துடுங்க.

போன வாரம் எங்களுக்கு ஃபைனல் ரிவ்யூ. இந்தத் தடவை நான் க்ராப் பண்ணலை. எக்ஸ்டர்னல் அந்த மூலையைக் காட்டி, "இது என்ன பில்டிங்?"னு கேட்டார்.

"எங்க வீடு சார்"னேன்.