பன்னெண்டாம் வாய்ப்பாடு

ஆடிக் கடைசி வெள்ளி நெருங்கினால் இருக்கன்குடியில் உறுமிச் சத்தம் ஓயாது. ஒரு பக்கம் வைப்பாறு, மறுபக்கம் அர்ச்சுனா நதி, நடுவில் மாரியம்மன். நடந்து வரும் கூட்டத்தோடு அந்தத் தாளமும் ஊருக்குள் வரும். அதைத்தான் நாங்கள் வாய்ப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டோம். சாயங்காலம் ஒருவன் முன்னால் நின்று "ஓரெட்டு எட்டு, ஈரெட்டுப் பதினாறு" என்று எடுத்துக் கொடுக்க, வகுப்பே பின்னால் இழுக்கும். ஏழெட்டு வந்ததும் பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள்.

பன்னெண்டாம் வாய்ப்பாடு மட்டும் வீட்டில் படித்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போகாத வீட்டிலும் பெட்டி ஒட்டுவார்கள். ஏஜெண்டு அட்டையையும் காகிதத்தையும் இறக்கிவிட்டுப் போவார். ராச்சாப்பாடு முடிந்ததும் அம்மா பசைச் சட்டியை நடுவில் வைப்பாள். அடிப்பெட்டி அக்காவுக்கு, மேல்பெட்டி எனக்கு. கூலி குரோஸ் கணக்கு. 144 பெட்டி ஒரு குரோஸ். பன்னெண்டு பன்னெண்டாக அடுக்கி, வரிசைக்கு ஒரு அடி பாடுவோம். "ஐப்பன்னெண்டு அறுவது" வரை பாட்டு துள்ளிக்கொண்டு ஓடும். "ஏழ்பன்னெண்டு எம்பத்துநாலு" வரும்போது கண் சொருகும். அம்மா உடனே குரலை உயர்த்துவாள். கணக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டுதான் கையை நிற்கவிடாமலும் பார்த்துக்கொண்டது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலையை அது தொடவில்லை.

அமெரிக்காவில் 1973-லேயே வாய்ப்பாட்டைக் கார்ட்டூன் பாட்டாக்கித் தொலைக்காட்சியில் விட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பெயர் 'ஸ்கூல்ஹவுஸ் ராக்'. டேவிட் மெக்கால் என்ற விளம்பரக்காரரின் மகனுக்கு ராக் பாட்டெல்லாம் மனப்பாடம், வாய்ப்பாடு மட்டும் ஏறவில்லை. அதில் பிறந்த யோசனை. ஜாஸ் இசைக்காரர் பாப் டோரோ பாட்டுக் கட்டினார். பன்னெண்டுக்கு அவர் பிடித்த ஆள் கைக்கு ஆறு விரல், காலுக்கு ஆறு விரல் உள்ள வேற்றுக்கிரகவாசி. ஒன்பதுக்கு அப்புறம் 'டெக்', 'எல்' என்று அவனுக்கு இரண்டு தனி எண்கள். அவன் எங்கள் தெருவில் இறங்கியிருந்தால் வாய்ப்பாடே வேண்டியிருக்காது. அவன் எழுத்தில் ஒரு குரோஸ் என்பது ஒன்றும் இரண்டு சைபரும்தான்.

இப்போது அக்கா பேத்தி போனில் யானை ஆடிப் பாடும் பெருக்கல் பாட்டைப் போட்டுக்கொண்டு கூடவே ஆடுகிறாள். பள்ளிக்கூடத்திலும் 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' புண்ணியத்தில் பாட்டும் ஆட்டமும்தான். கையில் பசை இல்லாமல் வாய்ப்பாடு படிக்கிறாளே, அதற்காகவே எனக்கு அந்த யானையைப் பிடிக்கும். ஏழெட்டு எவ்வளவு என்று நடுவில் கேட்டால், எங்களைப் போலவே ஓரெட்டிலிருந்து ராகம் போட்டுத்தான் வந்து சேருகிறாள்.

யானை பத்தாம் வாய்ப்பாட்டோடு பாட்டை முடித்துக்கொண்டது.

"பன்னெண்டாம் வாய்ப்பாடு எங்கத்தா?"

"அது எதுக்குத் தாத்தா?"

அக்கா உள்ளேயிருந்து சொன்னாள்: "விடுடா. அவ என்ன குரோஸா எண்ணப் போறா?"