சீப்சைட்

இரவு கடை பூட்டி, கடைசிக் கோப்பையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வர ஒரு மணியாகிவிடும். சென்ற் போல்ஸ் தேவாலயத்தின் முதுகுப் பக்கமிருந்து பாங்க் சந்திவரை சீப்சைட் தெருவால் நாங்கள் மூன்று பேரும் நடப்போம். எங்களில் எண்ணெய் மணக்கும்.

‘சீப்’ என்றால் மலிவு என்றுதான் நாங்களும் நினைத்தோம். பழைய ஆங்கிலத்தில் அது சந்தை. உரோமர் கி.பி. 200 அளவில் கட்டிய மதிலுக்குள் கிடந்த நகரத்தின் பெரிய சந்தைத் தெரு இது. பக்கத்து ஒழுங்கைகளுக்கு இன்னமும் பாண், பால், தேன், மரம் என்றுதான் பெயர். பொற்கொல்லர்களும் இங்கே வரிசையாக இருந்தார்கள், எங்கள் கன்னாதிட்டி மாதிரி. 1666இல் நெருப்புத் தின்றது. 1940-41இல் ஜேர்மன் குண்டுகள்.

எங்களைப் பிடித்துக்கொண்டது 1912இல் நடந்த கதை. இந்தத் தெருவில் ஒரு பழைய கட்டடத்தை இடித்து, நிலவறைத் தரையைக் கொத்திய கூலியாட்களின் பிக்கானில் நகைகள் தட்டுப்பட்டன. ஐந்நூறுக்குக் கிட்ட. கொலம்பியா மரகதம், இந்திய வைரம், இலங்கை நீலக்கல். காணிக்காரருக்கு மூச்சுக் காட்டாமல், கைலேஞ்சியில் பொதிந்து ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் கொண்டுபோனார்கள். நல்லவேளை, அவர் நூதனசாலைக்கு வேண்டிக் கொடுப்பவர். ஒரு கல்லில் வெட்டியிருந்த பிரபுவின் முத்திரையை வைத்து, 1640க்குப் பிறகு, நெருப்புக்கு முன்பு புதைத்தது என்று கணித்தார்கள். இடையில் இங்கேயும் உள்நாட்டு யுத்தம். புதைத்தவர் வரவேயில்லை.

இதைக் கேட்டதிலிருந்து எங்களில் ஒருவனுக்கு நித்திரையில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நகர்ந்தபோது, அவனுடைய அம்மம்மா தாலிக்கொடியையும் காப்புகளையும் ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டுத் தாட்டவர். இடம் தனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தார். தென்மராட்சியில் காய்ச்சலில் போய்விட்டார். 1996இல் திரும்பியவர்கள் எலுமிச்சையடி, கிணற்றடி, குசினி எல்லாம் கிண்டிப் பார்த்தார்கள்.

போன மாதம் அந்தக் காணியில் புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினார்கள். அவன் தமக்கைக்குப் போன் எடுத்தான்.

“அக்கா, மேசன்மாரோடையே நில்.”

“தேத்தண்ணி குடுக்கிற சாட்டில மூண்டு நாளும் நிண்டனானடா” என்றா அக்கா. “கறள் பிடிச்ச மூடி ஒண்டுதான் வந்தது.”