பூனை கவ்விய பாம்பு

பூனை கவ்விவந்து வீட்டுக்குள் போட்ட கிராஸ் ஸ்னேக், பார்வைக்குச் செத்த பாம்பாகத்தான் தெரியும். மல்லாந்து கிடக்கும், வாய் பிளந்து நாக்கு வெளியே தொங்கும், சிலவற்றுக்கு வாயோரம் ரத்தம்கூடக் கசியும். வாலடியிலிருந்து பீச்சும் திரவத்தின் நாற்றம் அறை முழுவதும் நிறைந்துவிடும். இவ்வளவும் நடிப்பாக இருக்கலாம். விஷமில்லாத, கடிப்பதற்கும் அநேகமாக முயலாத இந்தப் பாம்பு கடைசியாக நம்பியிருப்பது இந்த நடிப்பைத்தான். “செத்துப்போச்சு, குப்பையில போட்டுடவா?” என்று தொலைபேசியில் கேட்பவர்களிடம், போட்டுவிடாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன்.

லண்டனில் ஒரு காட்டுயிர் மருத்துவமனையில் கால்நடைச் செவிலியாக வேலை பார்க்கிறேன். தமிழ் பேசுகிறவள் ஒருத்தி இங்கே இருக்கிறாள் என்று தெரிந்ததும் நம்மவர்கள் நேரே என்னைக் கேட்டுப் பேசுவார்கள். ஹாரோவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அம்மா பதறிப்போய் அழைத்தார். “பிள்ளை, பூனை புடையனைப் பிடிச்சுக்கொண்டு வந்திட்டுது. கெதியா வாங்கோ.”

“அம்மா, முதல்ல பூனையை வேற ரூம்ல விட்டுக் கதவைச் சாத்துங்க. பாம்பைத் தொடாம, தள்ளி நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க” என்றேன்.

வந்த படத்தில் இருந்தது பாம்பே அல்ல. வெண்கல நிறத்தில் வழவழவென்று ஒரு ஸ்லோ வோர்ம். அறுந்த வால் தனியே கிடந்தது. ஸ்லோ வோர்ம் காலில்லாத பல்லி இனம். அதற்கு இமை உண்டு, கண் சிமிட்டும். பாம்புக்கு இமை கிடையாது. ஆபத்து வந்தால் மற்றப் பல்லிகளைப் போலவே ஸ்லோ வோர்மும் வாலை உதிர்க்கும். லண்டன் தோட்டங்களிலும் அலாட்மென்ட் எனும் வாடகைத் தோட்ட நிலங்களிலும் பூனைக்குச் சிக்குவதில் இதுவும் முக்கியமான ஒன்று.

அந்த அம்மாவின் பயம் எனக்கு நன்றாகப் புரியும். புடையன் என்று அவர் சொன்ன விரியனையும் நல்ல பாம்பையும் பார்த்துப் பழகிய கண் நமக்கு. ஊரில் அந்தப் பயம் உயிரைக் காப்பாற்றும். பிரிட்டனிலோ மண்ணுக்குரிய விஷப்பாம்பு ஆடர் ஒன்றுதான். அதன் கடியால் இங்கே ஒருவர் கடைசியாக இறந்தது 1975-ல். முதுகு நெடுக வளைந்து வளைந்து ஓடும் கரும்பட்டை, சிவந்த கண், அதில் நெட்டுக்குத்தான கண்மணி, பருத்த குட்டையான உடல்: இவையே ஆடரின் அடையாளம். எப்பிங் காடு போன்ற நகர விளிம்புப் பகுதிகளில் உண்டு; நகரத் தோட்டத்தில் காண்பது மிக அரிது. ஆனாலும் சந்தேகம் இருந்தால் கை வைக்கக் கூடாது. ஆடர் கடித்தால் மனிதரும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பூனையின் முகமோ காலோ வீங்கினால் அதற்கும் அன்றே வைத்தியம் வேண்டும்.

கிராஸ் ஸ்னேக்கைப் பிடரியில் உள்ள மஞ்சள் பட்டையும் அதை ஒட்டிய கறுப்புப் பிறையும் காட்டிக்கொடுக்கும். கண்மணி வட்டம். பக்கவாட்டில் கறுப்புக் கோடுகள். நம் ஊர்த் தண்ணீர்ப் பாம்பின் உறவு இது. தவளையைத் தேடி லீ பள்ளத்தாக்கின் ஓடைகளிலும் வீட்டுக் குளங்களிலும் திரியும். உரக்குவியலின் சூட்டில் முட்டையிடும். கோடைக் கடைசியில் பென்சில் பருமனில் குஞ்சுகள் வெளிவரும்போதுதான் பூனைகள் அவற்றை வாரிக்கொண்டு வருகின்றன. சிலசமயம் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று ஒரு பாம்பு வரும். அது யாரோ வளர்த்துத் தப்பவிட்ட கார்ன் ஸ்னேக்; அதை வெளியே விடக் கூடாது.

நான் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரி. 1978-ல் தொடங்கப்பட்ட, வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது, லண்டனில் உடன் வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தேன். கண் முழுதாகப் பார்த்து முடித்த பிறகே கை நீள வேண்டும் என்ற பழக்கம் அவர்களைப் பார்த்து வந்தது.

இனம் தெரிந்ததும் அடுத்துப் பார்ப்பது காயம். வெளியே பெரிதாகக் கிழிந்திருப்பதைவிட எனக்கு அச்சம் தருவது ஊசி குத்தியது போன்ற பல் தடம்தான். செதிலுக்கு இடையில் மறைந்திருக்கும், ரத்தம்கூட வராது. பூனையின் வாயிலுள்ள பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அந்தத் துளை வழியாக ஆழத்தில் இறங்கிவிடும். “நல்லாத்தான் ஓடுச்சு, வேலியோரம் விட்டுட்டேன்” என்று சிலர் நிம்மதியாகச் சொல்வார்கள். அந்தப் பாம்பு பல நாள் கழித்துச் சீழ் பிடித்து எங்கேயோ மறைவில் சாகக்கூடும். பூனையின் பல் பட்டது என்றாலே அது நோயாளி. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மருத்துவமனையில் முதல் வேலை, உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. இது சுலபமில்லை. குளிர்ந்துபோன பாம்பு அசையாது. மூச்சும் எப்போதோ ஒன்றுதான். உடலின் முன்பகுதியில், வயிற்றுச் செதிலுக்குக் கீழே இதயத் துடிப்பை டாப்ளர் கருவி வைத்துக் கேட்போம். ஊர்வனவற்றில் உயிர் போன பிறகும் இதயம் வெகுநேரம் துடிக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பவும் முடியாது. மெல்லச் சூடேற்றி, காத்திருந்து, மறுபடி பார்ப்போம். அடுத்தது முதுகெலும்பு. விரல்களுக்கிடையே மெதுவாக நகரவிட்டால், எந்த இடத்துக்குப் பின்னால் உடல் தளர்ந்து துவள்கிறது என்று கைக்கே தெரிந்துவிடும். எக்ஸ்ரே பெரும்பாலும் அதையே உறுதிசெய்யும். முதுகெலும்பு முறிந்த பாம்பை வலியின்றி முடித்துவைப்பதே கருணை. அதை நான் தயங்காமல் ஆதரிக்கிறேன்.

பிழைக்கக்கூடியதற்கு ஆன்டிபயாடிக் ஊசியை உடலின் முன்பாதியில் போடுவோம். பின்பாதி ரத்தத்தில் ஒரு பங்கு சிறுநீரகம் வழியே போவதால் மருந்து வீணாகலாம். சூடு சரியாக இல்லாவிட்டால் எந்த மருந்தும் சரியாக வேலை செய்யாது. புண் ஆறுவதும் நோயை எதிர்ப்பதும் உடற்சூட்டைப் பொறுத்தவை. கூண்டின் ஒரு பக்கம் வெதுவெதுப்பாகவும் மறுபக்கம் குளுமையாகவும் இருக்கும். எங்கே கிடப்பது என்பதைப் பாம்பே தேர்ந்துகொள்ளும். ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். பிறகு பிடிபட்ட இடத்துக்கு அருகிலேயே விடுகிறோம், குளிர்காலத்தில் உறங்கும் வளை அங்கே எங்கிருக்கிறது என்று அதற்குத் தெரியும் என்பதால்.

1997-ல் பிரிட்டனின் மம்மல் சொசைட்டி நடத்திய கணக்கெடுப்பின்படி, ஐந்தே மாதத்தில் வீட்டுப் பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை சுமார் 9.2 கோடி, அதில் ஊர்வனவும் நீர்நில வாழ்வனவும் ஏறக்குறைய 50 லட்சம். பூனையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அதன் இயல்பு அது. மாற்ற முடிந்தது நம் கையில் இருக்கிறது. இறைச்சிப் புரதம் மிகுந்த தீனி கொடுத்த வீடுகளில் பூனை கொண்டுவரும் இரை 36 சதவீதம் குறைந்தது என்றும், தினமும் ஐந்து பத்து நிமிடம் அதனோடு விளையாடிய வீடுகளில் 25 சதவீதம் குறைந்தது என்றும் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வு 2021-ல் காட்டியது.

ஆகவே லண்டன் தமிழர்களிடம் என் வேண்டுகோள் இது. கட்டையைத் தேடாதீர்கள், ஆடர், கிராஸ் ஸ்னேக், ஸ்லோ வோர்ம் மூன்றையும் கொல்வதும் காயப்படுத்துவதும் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பூனையை அடைத்துவிட்டு, தள்ளி நின்று பாம்பைப் படம் எடுத்து அனுப்பி, அதன்மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். ஆடர் இல்லை என்று எங்களைப் போன்றவர்கள் சொன்ன பிறகு, கையுறை போட்டு, காற்றுத்துளையுள்ள மூடிய பெட்டியில் துணி விரித்து வையுங்கள். தீனி வேண்டாம், ஹீட்டர்மேல் வைக்க வேண்டாம். பக்கத்துக் கால்நடை மருத்துவரிடமோ விலங்கு நல அமைப்பான ஆர்எஸ்பிசிஏவிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். காட்டுயிருக்கு அவசர முதலுதவி தருவது இங்கே கால்நடை மருத்துவரின் தொழில்முறைக் கடமை, கூச்சப்படாமல் கேளுங்கள்.