வெறுமையாய் வந்த கிண்ணம்

இக்காலத்தில் கோழிக்கறிக்குப் பஞ்சமில்லை. பண்ணைக் கோழி ஏறக்குறைய ஆறு வாரங்களில் கறிக்கு ஆயத்தமாகிவிடுகிறது. பொரித்த கோழியோ பெட்டியில் அடைக்கப்பட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது. என் பேரப்பிள்ளைகள் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் தூத்துக்குடிக்குத் தெற்கே, பனங்காடு சூழ்ந்த எங்கள் சிற்றூரில், என் சிறு வயதில் வீட்டில் கோழி வறுபடுவது ஆண்டுக்கு மூன்று நான்கு முறைதான். அவற்றுள் தலையாயது உயிர்ப்புப் பெருவிழாவன்று நடந்த வறுவல்.

அதற்குக் காரணம் உண்டு. விபூதிப் புதன் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் கறிச்சட்டி பரணில் ஏறிவிடும். 1966ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் ஒருசந்தி, சுத்தபோசன ஒழுங்குகளைத் தளர்த்தியிருந்தார். ஆயினும், "தளர்த்தியது திருச்சபை, தளர்ந்தது நானல்ல" என்பாள் எங்கள் ஆச்சி. ஆகவே தவக்காலம் முழுவதும் கஞ்சியும் துவையலும் கீரையுந்தான். முற்றத்தில் மேயும் சேவலைப் பார்த்து நாங்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருப்போம்.

பெருவிழாவன்று நள்ளிரவுப் பூசை கண்டு வந்து சற்றே கண்ணயர்ந்த அம்மா, விடியுமுன் எழுந்துவிடுவார்கள். இறகு பறித்த கோழியைக் காய்ந்த பனையோலைத் தீயில் வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவித் துண்டு போடுவார்கள். வற்றல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், பூண்டு, இஞ்சி ஆகியவற்றை அம்மியில் வைத்து மை போல் அரைப்பார்கள். நாட்டுக்கோழியின் சதை உறுதியானது. எடுத்த எடுப்பில் எண்ணெயில் இட்டால் நார் போலாகிவிடும். ஆகவே முதலில் மஞ்சளும் உப்பும் சேர்த்து, மூடிய மண்சட்டியில் சிறு தீயில் நெடுநேரம் வேகவைப்பார்கள். நீர் வற்றிய பிறகே நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்து, அரைத்த மசாலையைக் கூட்டி, துண்டுகள் கருஞ்சிவப்பாகும் வரை புரட்டிப் புரட்டி வறுப்பார்கள். அந்த மணம் தெருக்கோடி வரை போகும்.

வறுத்தலினும் பெரிய கலை பங்கிடுதல். ஒரு கோழி; உண்போர் எண்மர். கோழிக்கால் இரண்டும் யாருக்கு என்பதில் எங்கள் குடும்பத்தில் மாறாத ஒழுங்கு ஒன்றிருந்தது. ஒன்று ஆச்சிக்கு, மற்றொன்று வீட்டின் மூத்த மகனாகிய பெரியப்பாவுக்கு. கால் மைல் தொலைவில் குடியிருந்த அவர், அன்று பகல் எங்களோடு அமர்ந்து உண்பது வழக்கம்.

1973ஆம் ஆண்டில் அவ்வழக்கம் முறிந்தது. வரப்பில் நின்ற ஏழு பனைகள் யாருடையவை என்பதில் அப்பாவுக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை மூண்டு, பேச்சு அற்றுப்போயிற்று. ஒரே கோயிலில் ஒருவர் வலப்புறமும் மற்றவர் இடப்புறமுமாக முழந்தாளிட்டார்கள்.

மறு ஆண்டு, 1974 ஏப்ரல் 14ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறு. அம்மா ஈயம் பூசிய பித்தளைக் கிண்ணத்தில் வறுவலை எடுத்து வைத்தார்கள். ஆச்சி தம் கையாலேயே கோழிக்கால் ஒன்றை அதன் மேல் வைத்து, வாழையிலையால் மூடினாள். திண்ணையிலிருந்த அப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தடுக்காமல் இருந்ததே அவர் சமாதானத்துக்கு எடுத்து வைத்த முதலடி. "பெரியப்பாவிடம் கொடு; ஆச்சி வரச் சொன்னாள் என்று சொல்" எனக் கூறி, பத்து வயதுச் சிறுவனாகிய என்னை அனுப்பினார்கள்.

வழியில் ஒரு புளியமரம். நாற்பது நாள் நோன்பு, உச்சி வெயில், கையில் அந்த மணம். இலையைச் சற்றே விலக்கிப் பார்த்தேன். பிறகு நடந்ததை நீட்டிச் சொல்வானேன்? எலும்பை மணலில் புதைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தேன்.

பெரியம்மா மகிழ்ச்சியோடு கிண்ணத்தை வாங்கித் திறந்தார்கள். பெரியப்பா எட்டிப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. "கழுத்தும் விலாவுந்தான் எனக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கொண்டுபோன கிண்ணம் வெறுமையாய்த் திரும்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஒரு கருப்பட்டித் துண்டாவது அதில் இருக்கும். அன்று அது வெறுமையாய் வந்தது. அம்மா திகைத்தார்கள். அப்பா, "பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். ஆச்சி கிண்ணத்தைப் பார்த்தாள். என் சட்டையின் முனையைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

சகோதரர் இருவரும் ஒரே பந்தியில் அமர்வதைக் காணாமலேயே 1976இல் ஆச்சி கண்மூடினாள். கல்லறைத் தோட்டத்தில்தான் அவர்கள் ஒருவர் கையை ஒருவர் பற்றி அழுதார்கள். நானும் அழுதேன், எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லத்தான் நாவெழவில்லை.

1991இல் விடுமுறைக்கு ஊர் சென்றபோது, முதுமையடைந்திருந்த பெரியப்பாவின் கட்டிலருகே அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு சொன்னார்:

"எனக்கு அது தெரியும், தம்பி. மறுநாளே அம்மா தடியூன்றி நடந்து வந்தாள். 'காலை நான்தான் வைத்தேன். பிள்ளை பசியில் தின்றிருப்பான். எழுந்து வா' என்று கூப்பிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. எனக்குச் சண்டை தேவையாயிருந்தது. நீ அதைத் தின்னாமலிருந்தால், உப்புக் கூடிவிட்டது என்று சொல்லியிருப்பேன். அவள் வெயிலில் திரும்பி நடந்துபோனதைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான்."

பதினேழு ஆண்டுகளாய் நான் சுமந்த கல்லை இறக்கிவைக்க வந்தேன். அதனினும் கனத்த கல்லை அவர் சுமந்திருந்ததைக் கண்டேன். அவர் என் கையைப் பற்றினார். நான் அவர் கையைப் பற்றினேன். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வேண்டியிருக்கவில்லை.

இன்று பெரியப்பா இல்லை. என் பெற்றோரும் இல்லை. நகரத்தில் எங்கள் சமையற்கட்டில் அம்மியுமில்லை. ஆயினும் உயிர்ப்பு ஞாயிறன்று, எங்கேனும் தேடி ஒரு நாட்டுக்கோழி வாங்கி, அம்மா செய்தபடியே முதலில் வேகவைத்துப் பிறகு வறுக்கிறோம். கோழிக்கால் ஒன்று, இதே நகரில் வாழும் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போகிறது. அங்கிருந்து கிண்ணம் கருப்பட்டியோடு திரும்புகிறது.

இதைப் படிக்கும் உங்கள் இல்லத்திலும், யாரேனும் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டிய கிண்ணம் ஒன்று அலமாரியில் இருக்கலாம். வருகிற பெருவிழாவில் அதை அனுப்பிவையுங்கள். வெறுமையாய்த் திரும்பினாலும் அடுத்த ஆண்டு மீண்டும் அனுப்புங்கள். கொண்டு செல்லும் பிள்ளைக்கு மட்டும், புறப்படுமுன் ஒரு நல்ல துண்டைத் தின்னக் கொடுத்துவிடுங்கள்.