சுவரில் ஒட்டிய சுண்ணாம்பு

கட்டுமாவடிக்கு இரயில் கிடையாது. இரயிலேற வேண்டுமாயின் பேராவூரணிக்கோ அறந்தாங்கிக்கோ போயாக வேண்டும். ஆயினும் நம் வீட்டு மேசைமீது எட்டு மாதங்களாக ஓர் இரயில் நிலையம் இருந்து வருகிறது. அது தனுஷ்கோடி நிலையம். கடற்கரையில் இன்று இடிந்த சுவர்களாக நிற்கும் அதனை, எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி, நாமும் நம் தங்கை மகனும் சேர்ந்து கட்டினோம். எழுபது வயதில் இது என்ன பொம்மை விளையாட்டு என்று அன்பர்கள் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். அந்தப் பொம்மை நமக்குக் கற்றுத் தந்த பாடத்தைச் சொல்லவே இதனை எழுதத் துணிந்தோம்.

நம் கடற்கரையில் தனுஷ்கோடியின் பெயர் தெரியாத குடும்பம் இல்லை. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிற்று. இடையிலுள்ள கடல் ஏறத்தாழ 35 கிலோ மீட்டர்தான். சென்னையில் வாங்கிய பயணச் சீட்டோடு இரயில், கப்பல், மீண்டும் இரயில் என்று கொழும்பு வரை போய்விடலாம். ‘போட் மெயில்’ என்ற பெயர் அப்படி வந்தது. இலங்கையில் கடை வைத்திருந்த எத்தனையோ பேரின் சபுர் அந்த மேடையில்தான் தொடங்கியது. நம் வாப்பாவும் அவர்களுள் ஒருவர். ஆனால் நாம் சிறுபிள்ளையாக ஊரில் விடப்பட்டதால் அந்த நிலையத்தை உயிரோடு கண்டதில்லை. நாம் கண்டதெல்லாம் 1964 டிசம்பர் 22 இரவுப் புயலுக்குப் பின் எஞ்சிய கற்களையே.

பாலிடெக்னிக்கில் படிக்கும் மருமகனுக்குச் சிற்றிரயில் மீது ஆசை உண்டு. பூனாவில் பி.எஸ். ஜோஷி என்பவர் சேர்த்த சிற்றிரயில்களுக்கென்று 1998 முதல் ஒரு காட்சிக்கூடமே இருப்பதை அவன்தான் நமக்குச் சொன்னான். ஒரு விடுமுறையில் இருவரும் தனுஷ்கோடிக்குச் சென்று, நிற்கும் சுவர்களை நாடா பிடித்து அளந்தோம். அளக்க முடியாதவற்றைப் பழைய படங்களில் தெரியும் வாசலின் உயரத்தைக் கொண்டு கணித்தோம். எங்கள் கணக்கில் ஓர் அடி மூன்றரை மில்லி மீட்டர். ஆளுயர வாசல் சுண்டுவிரல் நகத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. ஒரு மீட்டர் அகலமுள்ள பாதை பதினொன்றரை மில்லி மீட்டரில் அடங்கிவிடும்.

சுவர்களை அட்டையில் வெட்டி, மேலே சுதைமாவு பூசி, ஈரம் காயுமுன் ஊசியால் கல்வரிசை கீறினோம். இருபது நாளில் கட்டடம் எழுந்து நின்றது. ஆனால் அது மிட்டாய்ப் பெட்டி போலிருந்தது. கடைசி வேலையே கடினமான வேலை என்று மருமகன் சொன்னான். வெயிலும் மழையும் புகையும் பட்ட தோற்றத்தைப் புதுமாதிரிக்கு ஊட்ட வேண்டும். இதற்குப் ‘பழமையேற்றுதல்’ என்று நாம் பெயரிட்டுக் கொண்டோம்.

இதில் ஒரே ஒரு விதிதான் உண்டு: காரணமில்லாத கறை கூடாது. மழைநீர் வழியும் இடத்தில்தான் கறை கீழ்நோக்கி இறங்கும். ஆணி இருந்தால்தான் அதன் கீழே துருக்கோடு வரும். இரயில் நிற்கும் பக்கத்தில்தான் கரி படியும். சுவரின் அடியில் உப்பு பூத்து உதிர்வதை நம் ஊர் வீடுகளிலேயே காணலாம். சோழகக் காற்று எந்த மூலையில் மணலைக் குவிக்கும், வாடை எந்தச் சுவரை நனைக்கும் என்பதை மீன்பிடிக்கும் அண்டை வீட்டாரிடம் கேட்டறிந்தோம்.

செய்முறையும் சுவையானது. கறுப்பு வண்ணத்தைத் தண்ணீராய்க் கரைத்துப் பூசினால் அது கல்லிடுக்கில் தங்கி நிழல் தரும். பின்னர் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிர்நிறம் தொட்டு மேலோடு தடவினால் கல்லின் முனைகள் எழுந்து தோன்றும். கறுப்பைக் கறுப்பாகவே பூசுதல் தவறு. தொலைவிலுள்ள கறுப்பு கண்ணுக்குச் சாம்பலாகவே தெரியும்; சிறிய பொருளைப் பார்ப்பதும் தொலைவிலிருந்து பார்ப்பதற்கு ஒப்பானதே. இரும்புத் தூணுக்கு உப்பே மருந்து. துருநிறம் காய்ந்தபின் ஈரம் தொட்டு உப்புப் பொடியைத் தூவி, அதன்மேல் மேல்நிறத்தைத் தெளிக்க வேண்டும். உலர்ந்ததும் தேய்த்தால் உப்பு உதிர்ந்து, உள்ளிருக்கும் துரு அங்கங்கே எட்டிப் பார்க்கும். மெய்யான தனுஷ்கோடியின் இரும்பைத் தின்றதும் உப்புத்தானே!

செய்யச் செய்யக் கை நிற்கவில்லை. நேரில் அளந்து வந்த சுவரின் நினைவே கண்முன் நின்றது. இங்கே பொக்கை, அங்கே விரிசல், எங்கும் கருமை. முடித்ததும் நமக்கே பெருமை தாளவில்லை. மூத்த ராத்தாவை அழைத்து வந்து காட்டினோம்.

ராத்தா 1958இல் உம்மாவோடு இலங்கைக்குப் போனவர். அப்போது அவருக்குப் பத்து வயது. அறந்தாங்கியில் ஏறி, காரைக்குடி, மானாமதுரை வழியாகப் போன பயணத்தை இன்றும் ஒவ்வொரு நிலையமாகச் சொல்வார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இது மையித்தல்லவா தம்பி! நான் பார்த்தபோது அது உயிரோடு இருந்தது.”

நாம் வாயடைத்துப் போனோம். மருமகன்தான் மெல்லக் கேட்டான்.

“உயிரோடு எப்படி இருந்தது, பெரியம்மா?”

“வெள்ளைவெளேரென்று இருந்தது. கப்பலுக்குக் காத்திருந்தபோது சுவரில் சாய்ந்து நின்றேன். என் கறுப்புச் சட்டை முதுகெல்லாம் சுண்ணாம்பு. உம்மா கப்பல் ஏறும்வரை தட்டிக்கொண்டே வந்தார்.”

அந்த ஒரு சொல் எட்டு மாத உழைப்பைக் கேள்வியில் நிறுத்திவிட்டது. சாய்ந்தால் ஒட்டும் சுண்ணாம்பு அண்மையில் அடித்த சுண்ணாம்பு. அப்படியாயின் அதைக் கூட்டவும் கழுவவும் பூசவும் ஆட்கள் இருந்தனர். நாம் ஏற்றிய பழமை அந்த நிலையத்தின் உழைப்பில் வந்ததன்று. அது இறந்தபின் வந்தது. காரணமில்லாத கறை கூடாது என்று விதி பேசிய நாமே, அறுபது ஆண்டுக் கறையை 1958இன் சுவரில் பூசிவிட்டோம்.

இது நம் ஒருவரின் பிழை மட்டுமன்று என்று பின்னர் தோன்றிற்று. தனுஷ்கோடி என்றதும் நாம் எல்லாரும் அந்த ஓர் இரவையே சொல்கிறோம். பாம்பனிலிருந்து போன பயணிகள் வண்டியைக் கடல் கொண்டதையும், நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதையும் சொல்கிறோம். பாலம் 46 நாள்களில் சீரமைக்கப்பட்டதையும், தனுஷ்கோடிப் பாதை மீண்டும் போடப்படாததையும் சொல்கிறோம். எல்லாம் மெய்யே. ஆனால் 1914 முதல் 1964 வரை ஐம்பது ஆண்டுகள் அங்கே தினமும் விடிந்தது. சுமைதூக்குவோர் இருந்தனர், சீட்டுக் கிழிப்போர் இருந்தனர், சுவருக்கு வெள்ளையடித்தோர் இருந்தனர். சாவை மட்டும் நினைவில் வைப்பது இறந்தவருக்குச் செய்யும் மரியாதையாகுமா?

அமெரிக்காவின் மான்டரே நகரில் ஜான் ஆலன் என்பவர் இருந்தார். துருவும் தூசியும் படிந்த கட்டடங்களால் தம் சிற்றிரயில் உலகுக்கு உயிரூட்டிய முன்னோடி அவர். 1973இல் அவர் மறைந்த சில நாள்களிலேயே தீப்பற்றி அவ்வுலகின் பெரும்பகுதி அழிந்தது. இன்றும் அக்கலைஞர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது தீயோடு நிறுத்துவதில்லை. அவர் ஓட்டிய வண்டிகளையும் கட்டிய ஊர்களையும் படத்தில் காட்டி மகிழ்கிறார்கள்.

மறுநாளே பழமையைக் கழற்றத் தொடங்கினோம். ஏற்றுவதைவிடக் கழற்றுவது கடினம். விரிசல்களைச் சுதைமாவால் அடைத்தோம், கருமையைத் துடைத்தோம், மெய்யான சுண்ணாம்பையே வடிகட்டிப் பூசினோம். ஆணியின் கீழ்த் துருவையும், தண்டவாளப் பக்கத்துக் கரியையும், அடிச்சுவர் உப்பையும் மட்டும் அளவோடு விட்டுவைத்தோம். அவை உழைப்பின் கறைகள்.

முடிந்ததும் ராத்தா மீண்டும் வந்து பார்த்தார். கடல் பக்கத்துச் சுவரைச் சுட்டி, “நான் நின்றது இங்கே” என்றார்.

மருமகன் தூரிகையின் நுனியால் அந்த இடத்தில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், எங்கள் அளவில் பத்தரை மில்லி மீட்டரில், சுண்ணாம்பைச் சிறிதே தேய்த்து எடுத்தான்.